யாரும் கேட்காத கால் நொடி

மலேசியாவின் மூவார் நகரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலை. பலகையை அழுத்தி வளைக்கும் இயந்திரத்தின் புரோகிராமை, எங்கள் குழுவில் எல்லோரும் படிக்கக்கூடிய சி என்ற கணினி மொழியிலிருந்து, படிக்கக் கடினமான அசெம்பிளி மொழிக்கு மாற்றினேன். வேகம் கூடும் என்ற ஆசைதான்.

"எங்களுக்குப் புரியலையே, யாரு சரிபார்க்கிறது?" என்றாள் உடன் வேலை செய்த கலா.

"நான் இருக்கேன்லா."

பதறாத காரியம் சிதறாது என்பார்கள், நான் பதறினேன். அச்சு இறங்கும் முன் ஓட்டுபவரின் இரண்டு கைகளும் பொத்தான்களில் இருக்கின்றனவா என்று பார்க்கும் கட்டளையை ஓரிடத்தில் விட்டுவிட்டேன். இயந்திரத்தை ஓட்டிய லெட்சுமி அக்காவின் மூன்று விரல்கள் போயின.

மருத்துவமனையில் அக்கா கேட்டார்: "எவ்வளவு வேகமாச்சு தம்பி?"

"கால் நொடி, அக்கா."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது மெதுவான பழைய புரோகிராம்தான் ஓடுகிறது. கலா படித்துப் பார்க்காமல் நான் ஒரு வரியும் ஏற்றுவதில்லை. அந்தக் கால் நொடி வேண்டுமென்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.