யார் பேர்ல இந்த ஆடு?

ஆடு வளர்த்து விக்கிற தொழில்ல தீனி போடுறது சுலபம், கயித்தை அவுத்து அடுத்தவங்க கையில குடுக்குறதுதான் கஷ்டம். வீட்டுக்குப் பின்னால கொட்டகை போட்டிருக்கிற உங்க எல்லாருக்கும் இது தெரியும். நாங்க ஜமுனாமரத்தூர்ல இருக்கோம். வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுறார். பக்ரீத்துக்கு ஆடு அறுத்துக் குர்பானி குடுக்க வாணியம்பாடியில இருந்து வர்றவங்களுக்காக நான் வெள்ளாடு வளர்க்கிறேன். வருசா வருசம் எங்க கொட்டகை ஆடு மத்தவங்க பேர்ல குர்பானி ஆகுது. எங்களுக்குன்னு ஒண்ணு குடுத்ததில்லை. வசதி இல்லாதவங்களுக்கு அது கடமை இல்லைதான். ஆனா ஆசைக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியுமா?

பல்லு

குர்பானி ஆட்டுக்கு ஒரு வயசு முடிஞ்சிருக்கணும், உடம்புல குறை இருக்கக் கூடாது. அதனால வர்றவங்க முதல்ல ஆட்டோட வாயைத்தான் திறப்பாங்க. பால் பல்லு ரெண்டு விழுந்து புதுசு முளைச்சிருந்தா வயசு சரி. தோல் மண்டியில வேலை பாக்குற ஒரு பாய் வந்தார். பல்லைப் பார்த்தார், காதைத் தடவினார், கொம்பை அசைச்சுப் பார்த்தார், நொண்டுதான்னு நடக்க விட்டுப் பார்த்தார். மறுபடியும் பல்லு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஆடு அவர் மூஞ்சியிலயே தும்மிருச்சு. நான் பயந்துபோய் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டேன். அவர் முகத்தைத் தொடைச்சுக்கிட்டே சொன்னார்:

"எனக்குப் பொண்ணு பாத்தப்ப கூட இவ்ளோ பாக்கலம்மா. அதான் இன்னி வரைக்கும் வாங்கிக் கட்டிக்கிறேன்!"

மனசு

பக்கத்து வீட்டுக் காவேரி மலைக்காரப் பொண்ணு. அவங்க கோயில்ல ஆட்டு மேல தண்ணி தெளிப்பாங்க. ஆடு உடம்பைச் சிலுப்பினாத்தான் சாமிக்குச் சம்மதம். அப்படி ஒரு கிடா வாங்க எங்கிட்ட வந்தப்ப, "உங்காளுங்க இன்னா சொல்லி அறுப்பாங்க?"ன்னு கேட்டா.

எனக்குப் பேச்சு அவ்வளவா வராது. தெரிஞ்சதைச் சொன்னேன். ஆட்டுக்குத் தண்ணி காட்டி, மேற்கே பார்த்தாப்புல படுக்க வெப்பாங்க. "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்"னு சொல்லி அறுப்பாங்க. அல்லா பேரால, அல்லாதான் பெரியவன்னு அர்த்தம். இன்னார்கிட்ட இருந்து இதை ஏத்துக்கோன்னு குடுக்குறவங்க பேரையும் சொல்லி துஆ கேப்பாங்க. கறியை ஏழைங்களுக்கு, சொந்தக்காரங்களுக்கு, வீட்டுக்குன்னு மூணு பங்கு போடுவாங்க. கறியும் ரத்தமும் அல்லாகிட்ட போறதில்லை, குடுக்குற மனசுதான் போகும். காவேரி என் கொட்டகையைப் பார்த்துட்டுக் கேட்டா:

"மனசுதான் போவுதுன்னா, வாங்கினது அவுங்க, வளத்தது நீ. யாரு மனசுடி போவும்?"

நகம்

குர்பானி குடுக்குறவங்க பக்ரீத் மாசத்துப் பிறை பார்த்ததுல இருந்து அறுத்து முடிக்கிற வரைக்கும் நகம், முடி வெட்ட மாட்டாங்க. நானும் வெட்டுறதில்லை. குடுக்க ஆடு இல்லாட்டியும் நகமாவது வளரட்டுமேன்னு ஒரு ஆசை. யார்கிட்டயும் சொன்னதில்லை.

போன பக்ரீத்துக்கு ஆடு வாங்க வந்த ஒரு அக்கா, கயித்தை வாங்குறப்ப என் கையைப் பிடிச்சுப் பார்த்துட்டாங்க. "நீயும் குடுக்குறியாம்மா?"ன்னாங்க. இடுப்புல இருந்த பாப்பாவுக்குப் பின்னால மூஞ்சியை மறைச்சுக்கிட்டேன். அந்தக்கா, ஜீப்புல ஆட்டை ஏத்திக்கிட்டிருந்த எங்க வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாங்க:

"இன்னா பாய், ஊரு குர்பானியெல்லாம் ஏத்தி எறக்குறீங்க. வூட்ல ஒருத்தி நகம் வளத்துக்கினு நிக்கறாளே, அதைப் பாத்தீங்களா?"

பேரு

இந்த வருசம் வீட்டுக்காரரே, "செவலையை விக்காத"ன்னார். செவலை, தாய் செத்த குட்டி. பாப்பாவோட பால் பாட்டில்ல பால் குடுத்து நான் வளர்த்த கிடா. எங்க மேஞ்சாலும் என் குரல் கேட்டா ஓடி வரும்.

பெருநாள் தொழுகை முடிஞ்சு பள்ளிவாசல் ஹஜரத்து வந்தார். கத்தியை ஆட்டுக்குக் காட்டாம துணியில மறைச்சிருந்தார். "யார் பேர்ல?"ன்னு கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. இத்தனை வருசம் நான் ஏங்கின பேரு நாக்குலயே ஒட்டிக்கிச்சு. கல்யாணம் ஆனதுல இருந்து என்னை "இந்தா"ன்னு மட்டுமே கூப்பிட்ட மனுசன், சத்தமா "மும்தாஜ்"னார்.

குடுக்குறவங்க ஆட்டுப் பக்கத்துல நிக்கிறது நல்லதுன்னு ஹஜரத்து என்னைக் கூப்பிட்டார். செவலை திமிறிக்கிட்டு இருந்தது. "ஒண்ணுமில்லடா"ன்னேன். என் குரல் கேட்டதும் அடங்கிப்போய் என் கையை நக்கிச்சு. துஆவுல என் பேரு வந்தப்ப, நான் கண்ணை இறுக்க மூடியிருந்தேன்.

பங்கு வாங்க வந்த காவேரி, வெறும் கயித்தைச் சுத்தி வெச்சுக்கிட்டிருந்த என்னைப் பார்த்துச் சொன்னா:

"கேட்டது கெடச்சதுக்கு எவளாச்சும் அழுவாளாடி?"

ஆடு எல்லாம் ஊருக்குப் போனப்ப என் பேருக்காக ஏங்கினேன், பேரு போய்ச் சேர்ந்தப்புறம் ஆட்டுக்காக ஏங்குறேன், ஆக இந்தத் தொழில்ல எதுக்குக் குறை வந்தாலும் ஏக்கத்துக்கு மட்டும் குறையே வராதுங்க.