பாரம் ஏற்றிப் பார்ப்பவர்

வெள்ளிக்கிழமைதோறும் பத்தரை மணிக்கு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபையரை மணிவண்ணன் வேண்டுமென்றே அணைக்கிறார். ‘டக்’கென்று ஒரு சத்தம். பக்கத்தில் சும்மா காத்திருந்த இரண்டாவது பெட்டி வேலையை வாங்கிக்கொள்கிறது. ஒரு மணி நேரம் அதை ஓடவிட்டு, மீட்டரைப் பார்த்துப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்கிறார்.

ஏனாத்தூரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே பெரிய வெள்ளை டிஷ் நிற்கும் தனியார் நிலையம் அது. கடலுக்குள் இருக்கும் படகுகளுக்கான புயல் எச்சரிக்கை இங்கிருந்துதான் செயற்கைக்கோளுக்கு ஏறுகிறது. சிக்னலுக்கு வலுவேற்றி அனுப்ப ஒரு ஆம்ப்ளிஃபையர் பெட்டி. அது படுத்துவிட்டால் தானாகவே பொறுப்பேற்க இன்னொன்று. இரண்டையும் பொருத்திப் பராமரிப்பது மணிவண்ணனின் இருபத்திரண்டு வருட வேலை.

செவிலிமேட்டு வீட்டிலும் இதே கதைதான். இரண்டு டார்ச், இரண்டு சாவிக்கொத்து, தண்ணீருக்கு இரண்டு மோட்டார். “எங்கூட்ல எல்லாமே ரெண்டு இருக்குது. பொண்டாட்டி மட்டும் ஒண்ணு, அதுவரைக்கும் சந்தோசம்மா” என்பார் அவர் மனைவி தையல்நாயகி, பக்கத்து வீட்டுக்காரியிடம். மணிவண்ணன் சிரிக்கமாட்டார்.

பதினொரு வருடத்துக்கு முன் இரண்டாவது பெட்டியைப் பொருத்தியபோது, சோதனைக்காக அதன் சக்தியின் அளவைக் குறைத்து வைத்த மணிவண்ணன் திரும்ப ஏற்ற மறந்துபோனார். பச்சை விளக்கு எரிந்தது; அதுவே போதுமென்று இருந்துவிட்டார். ஒரு மழை நாளில் இடி இறங்கி முதல் பெட்டி செத்தது. இரண்டாவது ஓடியது, ஆனால் அதன் குரல் படகுகளை எட்டவில்லை. நாற்பது நிமிடம் யாருக்கும் அது தெரியவும் இல்லை. அன்று போன படகுகளில் ஒன்று கரைக்கு வரவே இல்லை. அந்த நாற்பது நிமிடத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. அவர்தான் தன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பாவம், பதில் சொல்ல யாரிருக்கிறார்கள்?

போன ஐப்பசியில் வங்கக்கடலில் புயல். பழுது பார்த்து வந்த இரண்டாவது பெட்டியை அன்று காலைதான் மாட்டியிருந்தார்கள். சென்னையிலிருந்து மேலாளர் போனில் சொன்னார்: “புயல் போவட்டும் மணி. எதையும் தொடாதீங்க.” அடுத்த எச்சரிக்கைக்கு இருபது நிமிடம் இருந்தது. மணிவண்ணன் முதல் பெட்டியின் சுவிட்சருகே போனார்.

“ரெண்டும் பச்சையாதான சார் இருக்குது. ஓடிக்கினு இருக்கறத நிறுத்திட்டு, அது திரும்ப எழலன்னா?” என்றாள் இளம் இன்ஜினியர் மஹாலட்சுமி. எழாவிட்டால் எச்சரிக்கை நிற்கும். அவர் வேலையும் போகும்.

“சும்மா குந்திக்கினு இருக்கறதுக்கும் பச்சை எரியும்மா. பாரம் தூக்கனாதான் தெரியும். நீ மீட்டரப் பாரு.”

சுவிட்சை நோக்கி அவளும் கை நீட்டினாள். அதை மெல்ல விலக்கிவிட்டு, பழி தன்னோடு போகட்டுமென்று தானே அணைத்தார்.

“பாதிதான் சார் வருது” என்றாள்.

பழுது பார்த்தவர் யாரோ, அளவைக் குறைத்தவர் ஏற்ற மறந்திருக்கிறார். மணிவண்ணன் அளவுக் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். முள் ஏறி, இருக்கவேண்டிய இடத்தில் நின்றது.

“வந்துடுச்சு சார். போதும், உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. பன்னிரண்டு மணி எச்சரிக்கை கடைசிச் சொல் வரை போய் முடியும்வரை, அந்தக் குமிழிலிருந்து விரலை எடுக்கவும் இல்லை.