பால் தொட்டியில் சிவந்த சேலை

மலேசியாவில் ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்ப் பனையான செம்பனையை நட்டபோது, பால் எடுக்க மரம் சீவிக்கொண்டிருந்த பலருக்கு வேலை போயிற்று. நவமணிக்கும் போயிற்று. எண்பத்து மூன்றாம் ஆண்டு வேலை தேடி அவள் கோலசிலாங்கூருக்கு பஸ் ஏறினாள். அங்கே ரொக்கியா என்ற மலாய்ப் பெண்மணி நடத்திய, துணியில் மெழுகால் பூ அச்சிட்டுச் சாயம் ஏற்றும் பத்தேக் பட்டறையில், சாயம் ஏறிய துணிகளைக் கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்கும் வேலை கிடைத்தது. தோட்டத்து வீட்டிலிருந்தே தினமும் போய்வந்தாள்.

மெழுகு அப்பி விறைத்த துணி அண்டாவுக்குள் போகும்போது பார்க்கவே சகிக்காது. கோலால் கிளறித் தூக்கினால் வெள்ளைப் பூக்களோடு வரும். முதன்முதலாக அதைப் பார்த்த நவமணி கோலைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஒட்டாது என்று ரொக்கியா மலாயில் விளக்கினார். விளக்கம் புரிந்தது. வியப்புதான் அடங்கவில்லை. இரண்டு வருடம் போயும் அடங்கவில்லை.

அவள் கணவன் சேது தோட்டத்துப் பட்டறையில் இரும்பு வேலை செய்பவன். அவனுடைய தங்கை கலாவதிக்கு சுங்கை பெசாரில் மாப்பிள்ளை அமைந்தது. கூறைப்புடவை வாங்கியாகிவிட்டது. விருந்துக்குக் கட்டும் சேலைதான் பாக்கி.

"அண்ணி, ரவாங் கடையில எல்லாம் ஒரே மாதிரி இருக்குலா. நீங்களே ஒண்ணு அடிச்சுக் குடுங்களேன்" என்றாள் கலாவதி.

விளையாட்டாகத்தான் சொன்னாள். நவமணி அன்றிரவே சேதுவிடம் பேச்செடுத்தாள்.

"ஏங்க, மெழுகு வைக்கிற அச்சு செய்ய முடியுமா உங்களால?"

"என்ன உருவம் வேணும்? மயிலா?"

"மயில நான் எங்க பாத்தேன்? ரப்பர் இலை செஞ்சு குடுங்க. ஒரே காம்புல மூணு இலை."

சேது செம்புத் தகட்டை நாடா நாடாக வெட்டி, குறடால் வளைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தான். இலையின் நரம்புகூட அதில் இருந்தது. ரொக்கியா அந்த அச்சை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விடுமுறை நாளில் வந்து வேலை செய்யப் பட்டறைச் சாவியை நவமணியின் கையில் கொடுத்தார்.

பட்டறையின் மேசை கைலிக்கு அளவானது. அதனால் வெள்ளைத் துணியை ஒரு மேசை நீளம் விரித்து மெழுகு அச்சை அடித்து, காய்ந்ததும் நகர்த்தி, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். மெழுகு அதிகம் சுட்டால் பரவிவிடும், ஆறினால் துணியின் மறுபக்கம் இறங்காது. நவமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சை வைப்பாள், அழுத்துவாள், எடுப்பாள். கரையோரம் இலைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போயின. முந்தானைக்கு வந்தபோது அச்சிலிருந்து ஒரு சொட்டு மெழுகு உடல் பகுதியில் விழுந்தது.

விழுந்த மெழுகைத் துடைக்க முடியாது. நவமணியின் கண் கலங்கியது.

எட்டிப் பார்க்க வந்திருந்த ரொக்கியா, "தா அபா லா", பரவாயில்லை என்று சொல்லி, அதன் பக்கத்திலேயே வேண்டுமென்றே இன்னொரு சொட்டு விட்டார். நவமணி ஒரு கணம் திகைத்தாள். பிறகு அவளும் குச்சியை மெழுகில் தோய்த்து, சேலையின் உடல் முழுவதும் சொட்டுச் சொட்டாக வைத்துக்கொண்டே போனாள்.

சாயம் ஏற்றுவதில்தான் பெரிய சிக்கல் வந்தது. பட்டறைத் தொட்டியில் சேலையை மடித்துத்தான் முக்க முடியும். மடித்தால் மெழுகு உடைந்து இலையெல்லாம் கீறலாகும்.

"நம்ம பால் தொட்டி சும்மாதானே கிடக்குது" என்றான் சேது.

தோட்டத்து ஆலையில் ரப்பர் பாலை உறையவைத்த நீளமான தொட்டிகள் வறண்டு கிடந்தன. கழுவித் திருப்பித் தந்தால் போதும் என்று தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி விட்டுக்கொடுத்தார். தோட்டக் குடியிருப்பான லயத்துப் பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார்கள். ரொக்கியா சாய மருந்துகளோடு லோரியில் வந்து இறங்கி, அருகருகே இரண்டு தொட்டிகளில் வெவ்வேறாகக் கலந்தார். ஆறேழு பெண்கள் சேலையைப் பூமாலைபோல் நீளமாகத் தாங்கி முதல் தொட்டியில் இறக்கினார்கள். வெளியே எடுத்தபோது துணி வெளிறிய மஞ்சளாக இருந்தது.

"இதுக்கா இவ்வளவு பாடு? கலாவதிக்கு மஞ்சக்காமாலை சேலையா?" என்று ஒருத்தி சிரித்தாள்.

நீர் வடிந்ததும் இரண்டாவது தொட்டியில் இறக்கினார்கள். துணி நீரைத் தொட்டதுதான் தாமதம், கண் முன்னால் சிவந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நெருப்பு ஓடுவதுபோல் சிவப்பு ஓடியது. சிரித்தவளே "ஆத்தா!" என்றாள். நவமணி தன் கைகளைப் பார்த்தாள். விரல்களும் சிவந்திருந்தன.

மறுநாள் அவளே அண்டாவில் மெழுகை எடுத்தாள். செக்கச்செவேலென்ற துணியில் வெள்ளை வெளேரென்று ரப்பர் இலைகள். நடுவெல்லாம் பால் சொட்டுகள். எத்தனையோ துணிகளை அந்த அண்டாவிலிருந்து தூக்கியவள், இதைத் தூக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது என் கை செஞ்சதா?" என்று துணைக்கு வந்திருந்த சேதுவிடம் கேட்டாள்.

"நான்தான் பாத்துக்கிட்டு இருந்தேனே, புள்ள" என்றான் அவன்.

விருந்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கலாவதியின் முந்தானையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, எந்தக் கடை என்று கேட்டார்கள். கலாவதி அண்ணியைக் கைகாட்டினாள். அடுத்த மாதமே அசாம் ஜாவா என்ற பக்கத்து ஊரிலிருந்து இருவர் சேலை கேட்டு வந்தார்கள். ரொக்கியா சேலை நீளத்துக்கு மேசை ஒன்று செய்யச் சொன்னார். அந்த மேசை வந்த நாளில், அண்டா வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி நவமணியை அச்சு வேலையில் நிறுத்தினார்.