கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறவர்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள்: வரதாச்சாரி சுவாமி. தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர். பஷீர் பாய், தையல்காரர். மாணிக்கம், பொன்மலை ரயில்வே பட்டறைக்கு வேலைக்குப் போகிற ஃபிட்டர். வெங்காய மண்டி கோவிந்தசாமி. அப்புறம் நான்.

என் கடை ஸ்ரீரங்கத்தில் வாடகை சைக்கிள் கடை. உங்களுக்குத் தெரிந்ததுதான். போன வாரம் பங்க்சர் பற்றி எழுதியதற்கு நாலு பேர் திட்டினார்கள். இந்த வாரம் ரேடியோ. திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

ராத்திரி ஒன்பதரைக்கு ரேடியோவில் ஒரு பேட்டி வரும். ஸ்ரீரங்கத்தில் ஒன்பதரை என்றால் பாதி ஊர் படுத்துவிடும். மீதிப் பாதி என் கடை பெஞ்சியில் இருக்கும். முன்பு ஒரு பெரியவர் பேட்டி எடுப்பார். கணீரென்று குரல். கேள்வியும் அவரே கேட்பார், பதிலும் அவரே சொல்வார். வந்தவர் “ஆமாங்க” என்பார். அவ்வளவுதான் பேட்டி. எல்லாருக்கும் திருப்தி.

அவர் ஓய்வு பெற்றார். புது ஆள் வந்தான். நடராஜன் என்று பெயர் சொன்னான்.

முதல் நாள் கொள்ளிடத்துப் பரிசல்காரர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தான். வெள்ளத்தில் பரிசல் தள்ளுவது பற்றிப் பேச்சு. நடுவில், “பயமா இருக்காதா?” என்று கேட்டான்.

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தான்.

சத்தமே இல்லை. ஒன்றுமே இல்லை...

“வால்வு போயிடுச்சுண்ணே!” மாணிக்கம் எழுந்து போய் ரேடியோ தலையில் ஓர் அறை விட்டான்.

“ஏரியல்ல காக்கா உட்கார்ந்திருக்கும், பாருங்க” என்றார் பஷீர் பாய்.

“ராத்திரியில ஏது பாய் காக்கா?”

“அப்ப ஆந்தை.”

இந்தக் கூச்சலில் பரிசல்காரர் ஏதோ சொன்னார். யார் காதிலும் விழவில்லை. ரேடியோவில் கோளாறே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவன் பாணியே அதுதான். கேட்பான். காத்திருப்பான். “ம்...” என்பான். மறுபடியும் காத்திருப்பான்.

“இவன் என்ன ஓய், வாயில கொழுக்கட்டையா?” என்றார் வரதாச்சாரி சுவாமி. “பழைய மனுஷர் பேசினா காவேரி பிரவாகம். இவன் பங்குனி மாசத்துக் காவேரி. வெறும் மணல்.”

“பேட்டி எடுக்க வந்தாரா, தூங்க வந்தாரா?” இது பாய்.

கோவிந்தசாமி மட்டும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. எல்லாரும் போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இந்தப் பையனைத்தான்யா கமலாவுக்குப் பார்த்திருக்கேன்.”

கமலா அவருடைய ஒரே பெண். அவர் வீடு என் கடைக்குப் பின்னால். ஜாதகம் பொருந்திவிட்டதாம். உறையூரில் பையன் இருக்கிற தெருவில் விசாரித்தாயிற்றாம். வெற்றிலைகூடப் போடமாட்டானாம். பெண் பார்க்க வந்து பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பாக்கி இருப்பது ஒன்றுதான். நாலு பேர் என்ன சொல்கிறார்கள்?

“அதைக் கேட்கத்தான் உன் கடைக்கு வந்தேன். யாருகிட்டயும் சொல்லிடாதே. சொன்னா மூஞ்சிக்காக நல்லபடியாப் பேசுவாங்க. நீ என்ன நினைக்கிறே? நீயும் அப்படித்தான் நினைப்பே. எனக்குத் தெரியும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஒரு பையனைப் பற்றி விசாரிக்க எத்தனையோ வழி இருக்கிறது. ஆபீஸில் கேட்கலாம். படித்த இடத்தில் கேட்கலாம். சைக்கிள் கடை பெஞ்சியில் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களிடமா ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் கொடுப்பது?

கொடுத்தார். அடுத்த நாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார்.

பெஞ்சியும் நிரம்பிக்கொண்டே போனது. ஒன்பதரைக்கு வருகிறவர்கள் ஒன்பதுக்கே வந்தார்கள். வாடகை சைக்கிளைத் திருப்பி விட வந்தவன் அதன் மேலேயே உட்கார்ந்து கேட்டான். ஒருவருக்கும் பிடிக்கவில்லை. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. நான் கடையைச் சாத்துவதற்குள் வீட்டில் என் சோறு ஆறிக் கல்லாகிவிடும்.

ஒரு நாள் பொறுக்காமல், “சிலோன் ஸ்டேஷன் வைக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“கையை எடும் ஓய்!” என்றார் சுவாமி.

“பிடிக்கலைன்னு சொன்னீங்களே?”

“பிடிக்கலைதான். நாம கேட்காட்டா வேற யார் குறை சொல்றது?”

கையை எடுத்துவிட்டேன்.

ரேடியோவுக்கும் அடி குறையவில்லை. அவன் காத்திருக்கும் போதெல்லாம் யாராவது ஒருவர் பழக்க தோஷத்தில் ஒரு தட்டு தட்டுவார். மாணிக்கம் புதிதாக ஒரு வேலை ஆரம்பித்தான். நடராஜன் கேள்வி கேட்டதும் இவனே பதில் சொல்வது. ஒரு நாள் பேட்டிக்கு ஒரு மருத்துவச்சி வந்திருந்தார். “முதல் பிரசவம் பார்த்தது ஞாபகம் இருக்கா?” என்று நடராஜன் கேட்டான். “எனக்கு இல்லைங்க” என்றான் மாணிக்கம். ஒரே சிரிப்பு. மருத்துவச்சி சொன்னது அதில் போயிற்று.

கோவிந்தசாமி சிரிக்கவில்லை. முகம் நாளுக்கு நாள் தொங்கிக்கொண்டே வந்தது. பையன் வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாளும் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் காந்தி மார்க்கெட்டிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர் நேராக என் கடைக்கு வந்தார்.

“வேணாம்னு சொல்லிவிடப் போறேன்யா. இத்தனை பேர் சிரிக்கிறாங்க. நாளைக்கு, வெங்காய மண்டிக்காரர் மாப்பிள்ளை ஊமைன்னு மார்க்கெட்ல சொல்லுவாங்க. வா, கமலாகிட்ட நீயும் கூட வந்து சொல்லு.”

“நான் எதுக்கு?”

“நீ வருவே. வா.”

போனேன். கூடத்தில் கமலா அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. அம்மா சமையல்கட்டில்.

“கமலா, அந்த ரேடியோப் பையன் நமக்கு வேணாம்மா. ஊரே சிரிக்குது. உனக்கும் பிடிக்காது. சரிதானே?”

கேட்டுவிட்டு, அவர்பாட்டுக்குச் செருப்பை மாட்டப் போனார். பையன் வீட்டுக்கு ஆள் அனுப்ப.

எனக்கு அதுவரை இருந்த எரிச்சலெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்றைக்கும் அதிகம் பேசவில்லை.

“கேள்வி கேட்டீங்கல்ல? இருங்க” என்றேன்.

அவர் நின்றார். என்னைப் பார்த்தார். பெண்ணைப் பார்த்தார். வாயைத் திறந்தார். நான் கையைக் காட்டினேன். மூடிக்கொண்டார்.

யாரும் பேசவில்லை. கமலா முறத்தைக் கீழே வைத்தது. இன்னும் பேசவில்லை. சொல்கிறேன், அப்படிச் சும்மா நிற்பது லேசான வேலை இல்லை. எனக்கே எதையாவது தட்ட வேண்டும் போல இருந்தது.

அப்புறம் கமலா சொன்னது.

“அந்தப் பரிசல்காரர் என்ன சொன்னாருன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமாப்பா?”

தெரியாது. என் ரேடியோ இருப்பது கடையின் பின்சுவர் ஓரம்; அதற்கு எதிரே தன் வீட்டு ஜன்னலில் நின்று கமலா கேட்டிருக்கிறது. ரேடியோவையும் கேட்டிருக்கிறது. எங்களையும்தான்.

“‘பயம் இருக்கும்ங்க. வீட்ல சொல்றதில்லை’ன்னாரு. ‘சொன்னா மறுநாள் விடமாட்டாங்க’ன்னாரு. அந்த மருத்துவச்சி அழுதாங்க. நீங்க எல்லாம் சிரிச்சீங்க.”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா...”

“அவர் சும்மா இருந்தாருப்பா. அதனாலதான் அவங்க சொன்னாங்க. இந்த வீட்ல அம்மா ஒரு பேச்சை முழுசா முடிச்சு நான் பார்த்ததில்லை. எனக்கு இந்த மாப்பிள்ளை போதும்.”

சமையல்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது. கோவிந்தசாமி பெண்டாட்டி நிலைப்படிக்கு வந்து நின்றார். தலையை மட்டும் ஆட்டினார்.

கோவிந்தசாமி செருப்பைக் கழற்றினார்.

“உட்காருய்யா” என்றார் என்னிடம். “காபி சாப்பிடுறியா?” வழக்கமாக அடுத்து, ‘வேணாமா? சரி’ என்பார். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

“சாப்பிடுறேன்” என்றேன். எத்தனையோ வருஷப் பழக்கம். அந்த வீட்டில் அன்றுதான் காபி குடித்தேன்.

ஒருவன் பேசாமல் இருந்தால் நமக்கு ஏன் இத்தனை பதற்றம்? மனிதன் என்றால் ஊமை என்கிறோம், ரேடியோ என்றால் அறைகிறோம். நமக்காக ஒருவரே கேட்டு, ஒருவரே பதிலும் சொல்லிவிட்டால் சௌகரியம். வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

போன வெள்ளிக்கிழமை சத்திரத்தில் கல்யாணம். அப்போதுதான் பெஞ்சிக்காரர்களுக்கு மாப்பிள்ளை யார் என்றே தெரிந்தது. தாம்பூலப் பை வாங்குகிற இடத்தில் வரதாச்சாரி சுவாமி மாட்டிக்கொண்டார்.

“நிகழ்ச்சி கேட்கறதுண்டா சுவாமி? எப்படி இருக்கு?” என்றான் நடராஜன்.

கேட்டுவிட்டுச் சும்மா நின்றான்.

சுவாமி மேலே பார்த்தார். கீழே பார்த்தார். தேங்காயை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அவன் காத்திருந்தான்.

“முதல் நாள்லேர்ந்தே நான் உம்ம கட்சி!” என்றார் சுவாமி. “இவாகிட்டதான் கேளுமே.”

பின்னால் நின்ற மாணிக்கம், “நானும் முதல் நாள்லேர்ந்துங்க” என்றான். ரேடியோவை அறைந்த அதே கையைக் கூப்பிக்கொண்டு! பாயும் அதையே சொன்னார். அவருக்குப் பின்னால் வந்தவரும் சொன்னார்.

நான் ஓரமாக நின்று எண்ணினேன். முதல் நாளிலிருந்தே பிடித்துப்போனவர்கள், பதினாலு பேர்.