கரண்டியால் ஊற்றிய பிராந்தி

இதை எழுத வேண்டும் என்று ஏழெட்டு வருஷமாகத் தாளை எடுப்பதும் மடித்து வைப்பதுமாகவே இருந்துவிட்டேன். நான் அதிகம் படித்தவனில்லை, அது ஒரு காரணம். செத்துப்போனவளின் பேரைக் கெடுக்கிறோமோ என்ற பயம்தான் பெரிய காரணம். மாரியம்மனிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு இப்போது எழுதுகிறேன்.

மலாக்காவில் காஜா பெராங்குக்குக் குடிவந்த புதிதில் எனக்கு எல்லாமே வியப்பாக இருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் நெற்றி நிறைய விபூதி பூசி, நம் அம்மனைத்தான் கும்பிடுவார். வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். பல தலைமுறையாக இங்கேயே இருக்கும் செட்டி வம்சம். எல்லாரும் அவரை பீபி என்பார்கள். சீனர் மருந்துக் கடையில் குழந்தைப் பால்மாவுக்குப் பக்கத்திலேயே பிராந்தி பாட்டில் நிற்கும். ஊரில் பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கும் மிளகும் இடித்துக் காயம் உருட்டிக் கொடுப்போம். இங்கே உடம்புச் சூட்டுக்குப் பிராந்தி கொடுக்கிறார்கள், நம்மவர்களும்தான்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் என் மனைவி தெய்வானை வயிற்றுப்புண் முற்றி ரத்தமாக வாந்தியெடுத்தாள். ஆஸ்பத்திரியில் இரைப்பையில் முக்கால்வாசியை அறுத்து எடுத்துவிட்டார்கள். வெள்ளைக்கார டாக்டர் சொன்னதை, அவருக்கு உதவியாக இருந்த டிரெஸ்ஸர், நம் ஆள், தமிழில் சொன்னார்: "கொஞ்சங் கொஞ்சமா ஆறு வேளை சாப்பிடச் சொல்லுங்க." வீட்டுக்கு வந்தவளுக்கு இரண்டு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. விரலெல்லாம் குளிர்ந்து கிடந்தாள். பார்க்க வந்த பீபி, "பொத்தோங் பெருட், சாமா மாச்சாம் பெரானா. காசி பிராந்திலா, சத்து சூடு" என்றார். வயிறு அறுத்தவளும் பெற்றவளும் ஒன்றுதான், ஒரு கரண்டி கொடு என்று அர்த்தம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மருந்துக் கடைக்குப் போனேன். தவுக்கே, கடையின் சீன முதலாளி, பாட்டிலைத் தாளில் சுற்றிக்கொண்டே ஆணா பெண்ணா என்று மலாயில் கேட்டார். "அனாக் தாடா", பிள்ளை இல்லை என்றேன். அவர் முகம் வாடிப்போனது. என் தோளைத் தட்டி, ஒரு பொட்டலம் சிவப்புப் பேரீச்சையைச் சும்மா கொடுத்தார். பிள்ளை தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். எங்களுக்குப் பிள்ளையே பிறந்ததில்லை என்று விளக்க என் மலாய் போதவில்லை.

கப்பல் ஏறும்போது என் அம்மா வாங்கிய சத்தியம் ஒன்றுதான், குடியைத் தொடமாட்டேன் என்று. நான் குடிக்கவில்லையே, மருந்துதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, முருகா என்று சொல்லித்தான் ஊற்றினேன். தெய்வானை மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பெத்தவ மருந்தா? புள்ள எங்கங்க, தொட்டில்ல தூங்குதா?"

முதல் நாளே கன்னம் சிவந்து, கண் சொருகிக் கலகலவென்று பேசினாள். தெம்பு வந்துவிட்டதென்று பூரித்துப்போனேன். ஒரு வாரத்தில் கரண்டிக்கு முன்னாலேயே வாயைத் திறந்தாள். ஒரு மாதத்தில் நான் ரோட்டு வேலைக்குப் போன பிறகு தானே ஊற்றிக்கொண்டாள். பெட்டியில் வைத்துப் பூட்டினேன். தெங்கேரா வரைக்கும் நடந்துபோய் வாங்கி வந்தாள். நான் கையை ஓங்கிய அன்று அழாமல் கேட்டாள்: "எனக்கு இது தெரியுமா? நீங்கதானே ஊத்திவெச்சீங்க."

டிரெஸ்ஸரிடம் ஓடினேன். "அண்ணே, முழு வயிறு இருந்தா சாராயம் கொஞ்ச நேரம் தங்கி இறங்கும். இவங்களுக்குத் தங்க எடமேது? நேரா ரத்தத்துல ஏறிடும். முன்ன தொடாதவங்ககூட மாட்டிக்கிறாங்க, நானே பாத்திருக்கேன்" என்றார்.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாய்யா?"

அவர் தலை குனிந்தார். "உங்க நெத்தி விபூதியப் பாத்தேன். உங்ககிட்டப் போய்க் குடியப் பத்திப் பேசக் கூச்சமா இருந்துச்சு."

அடுத்த திருவிழாவில் அவள் கோயிலுக்குள் வரவில்லை. மதிலோரம் நின்று, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "நீங்க போங்க. நான் இங்கிருந்தே கும்பிட்டுக்கறேன், வாய் நாறுது" என்றாள். பீபி அவளுக்குத் துணையாக வெளியிலேயே நின்றுகொண்டார். அந்த நிற்பை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. மூன்றாம் வருஷம் ஈரல் கெட்டு, கண் மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்தாள்.

வயிற்றுப்புண்ணில் போய்விட்டாள் என்று ஊரில் இருக்கும் அவள் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். அங்கே அவள் நோயில் போன புண்ணியவதி. அவள் தம்பி அவள் படத்தை வைத்து விளக்கேற்றுகிறான். இங்கே அவள் "அந்தக் குடிகாரப் பொம்பள". கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தெய்வானை, இந்தப் பக்கம் ஒரு தெய்வானை. என்னோடு குடித்தனம் நடத்தியவள் இரண்டு ஊரிலும் இல்லை.

இரைப்பை அறுபட்டவர்கள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லுங்கள். அவளை நல்லவளாக்க ஒன்றும் சேர்க்க வேண்டாம், என்னைத் தப்பவைக்க ஒன்றும் விட வேண்டாம். அந்தக் கரையிலும் இந்தக் கரையிலும் ஒரே மாதிரி சொல்லுங்கள். அப்போதாவது அவள் ஒருத்தியாக இருப்பாள்.