துரைக்கு நான் வைத்த ஸ்கொட்லாந்து விருந்து

இலங்கை மலையகத்தில், டயகமவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் பெரிய கிளாக்கராக இருந்த காலம். சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் துரையும் மார்ச்சில் புறப்படுவதாக இருந்தார். அவர் மனைவி துரைசானி முன்பே ஊருக்குப் போய்விட்டதால் பங்களாவில் அவர் தனி ஆள்.

ஸ்கொட்லாந்துக்காரர்கள் ஜனவரிக் கடைசியில் தங்கள் கவிஞர் ஒருவரின் பிறந்தநாளுக்கு விருந்து வைப்பார்கள். பழைய துரை காலத்தில் பங்களாவில் அது தவறாமல் நடக்கும். ஆட்டு இரைப்பைக்குள் ஈரலும் ஓட்ஸும் திணித்து, தைத்து அவித்து, அதன் முன்னால் கவிதை சொல்லி, பிறகு கத்தியால் கீறுவார்கள். கையெழுத்து வாங்கப் போன நான் ஒருமுறை கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். அந்த ஐந்து நிமிஷ அனுபவத்தை நம்பி, "இந்த வருஷ விருந்து என் வீட்டில்" என்று துரையிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு வருவதாகச் சொன்னார். அவர் விழித்ததை நான் நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

"குடல் கறிதானே? அத ஏன் தைக்கணும்?" என்றாள் மனைவி.

"இது வேற. உனக்குப் புரியாது."

எனக்கும் புரிந்திருக்கவில்லை. தலவாக்கலை இறைச்சிக் கடையில் சொல்லிவைத்து இரைப்பை வாங்கிவந்தேன். கவிதை தெரியாததால் ஆங்கிலத்தில் நானே ஒரு பிரசங்கம் எழுதி, இரண்டு வாரம் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்தேன். ஸ்கொட்லாந்து ஆண்கள் கட்டுகிற கட்டம் போட்ட பாவாடைக்குப் பதிலாக, கட்டம் போட்ட சாரத்தை முழங்காலுக்கு மடித்துக் கட்டி, கம்பளிக் காலுறையும் போட்டு மனைவிக்குக் காட்டினேன்.

"தொரை முன்னால இப்படி நின்னீங்கன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

கால்சட்டைக்கு மாறினேன்.

இரைப்பையை நானேதான் தைத்தேன், யாரையும் தொடவிடவில்லை. அடுப்பில் அரை மணி நேரம் ஒழுங்காக இருந்தது. பிறகு 'டப்' என்று ஒரு சத்தம். மூடியைத் திறந்தால் பானை முழுக்கச் சாம்பல் நிறக் கஞ்சி. துரை வர இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது.

"தள்ளுங்க," என்றாள் மனைவி. தண்ணீரை வடித்து, வெங்காயமும் மிளகும் கறிவேப்பிலையும் போட்டு இரும்புச் சட்டியில் வறுத்தெடுத்தாள்.

துரை வந்தார். கீறுவதற்கு எதுவுமில்லாத வறுவலுக்கு முன்னால் கத்தியோடு எழுந்து நின்றேன். முதல் வரியைத் தவிர எல்லாம் மறந்துபோயிற்று. அதையே இரண்டு தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். துரை மரியாதையாகக் கைதட்டினார். ரொட்டியோடு மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"உங்க ஊர் ருசி இருக்குங்களா, சேர்?"

அவர் தட்டைப் பார்த்தார். "நான் ஸ்கொட்லாந்துக்காரன் இல்லை, கிளாக்கர். இங்கிலாந்துக்காரன். பழைய துரைதான் ஸ்கொட்லாந்து. நீங்கள் ஆசையாகக் கூப்பிட்டீர்கள், மறுக்க மனம் வரவில்லை."

ஒன்பது வருஷமாக அவர் ஊருக்கு அனுப்பிய கடிதங்களுக்கெல்லாம் இங்கிலாந்து விலாசம் டைப் அடித்தவன் நான். வெள்ளைக்காரர் ஊரெல்லாம் ஒன்று என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது.

கதவுக்குப் பின்னாலிருந்து மனைவி சிரித்துவிட்டாள். துரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, இது என்ன கறி?" என்று அவருடைய தமிழில் கேட்டார்.

"இன்னும் பேரு வைக்கலீங்க, தொரை. இன்னுங் கொஞ்சம் போடவாங்க?"

அவர் தட்டை நீட்டினார். நானும் அப்போதுதான் சாப்பிடத் தொடங்கினேன். காரம் கொஞ்சம் அதிகம்தான்.