சீட்டுக்கு நான்கு போல்ட்

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது முழங்கையில். தருமன் தைத்துக்கொண்டிருந்த ரெக்சின் மடியிலிருந்து சரிந்தது. கோணி ஊசி அவனுடைய இடது உள்ளங்கையில் ஏறி நின்றது. அதைப் பிடுங்குவதற்குள் சட்டைக் காலரைப் பிடித்து ஷெட்டுக்கு வெளியே இழுத்தாயிற்று.

இழுத்தவன் கோபிநாத். கையில் வீல் ஸ்பானர். காலையில் வேலூர் ஆஸ்பத்திரியில் தங்கை பரிமளாவைப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தான். அவளுக்குத் தாடை இரண்டாக உடைந்திருந்தது. கீழ் வரிசையில் ஐந்து பற்கள் இல்லை.

“எந்தக் கையாலடா சீட்டு மாட்டுன?”

தருமன் உள்ளங்கையிலிருந்து ஊசியைப் பிடுங்கினான்.

“கேக்கறேன்ல. வாயில இன்னா வெச்சிகினு இருக்கே?”

வேன் வாசலில் நின்றது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் பரிமளாவின் கணவன் சுதாகர் இறங்காமல் உட்கார்ந்திருந்தான். முந்தின நாள் போளூர் சாலையில் ஆடு குறுக்கே வந்தது. அவன் பிரேக்கை மிதித்தான். நடு சீட் தரையிலிருந்து பிய்த்துக்கொண்டு பரிமளாவோடு முன்னால் போனது. சுதாகருக்குக் கீறல்கூட இல்லை. அந்த சீட்டைக் கழற்றிப் புது உறை தைத்துத் திரும்ப மாட்டியது தருமன். போன மாதம். அதற்குமேல் யாரும் எதையும் விசாரிக்கவில்லை.

“வலது கைதானே? காட்டு. இனிமே நீ எவன் வண்டியையும் தொடக் கூடாது.”

தருமனுக்கு நாற்பத்தொரு வயது. செய்யாறு போகும் சாலையோரக் காலனியில் பிறந்தவன். அப்பா ஜீவானந்தம் பிறர் நிலத்தில் வேலை செய்தவர். வரப்பில் நின்று நிலக்காரரை எதிர்த்துப் பேசியதற்கு ஒருமுறை காது சவ்வு கிழிய அறை வாங்கினார். வீட்டுக்கு வந்து அதே அறையை மகனுக்குக் கொடுத்தார்.

செய்யாற்றில் ஒரு கம்பெனியில் தருமன் ஏழு வருடம் கார் சீட் தைத்தான். ஒருநாள் போல்ட் ஒன்று குறைந்தது. சூப்பர்வைசர் ஷிப்ட் முழுவதையும் வரிசையில் நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னான். தருமனுடைய பேண்ட் மடிப்பிலிருந்து போல்ட் விழுந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று அவனுக்கே தெரியாது. சூப்பர்வைசர் அறைந்தான். தருமன் திருப்பி அறைந்தான். மறுநாள் கம்பெனி பஸ் அவனுக்காக நிற்கவில்லை.

ஆரணியில் ஷெட் போட்ட பிறகு எந்த போல்ட்டையும் அவன் பையில் போட்டதில்லை, டப்பாவில் போட்டதில்லை. சீட்டைத் தூக்கி வெளியே வைத்த கையோடு, கழற்றிய போல்ட்டை வாஷரோடு அது இருந்த துளையிலேயே விரலால் முடுக்கி வைத்துவிடுவான். உறை தைத்து முடியும்வரை வண்டியின் தரையே அவற்றை வைத்துக்கொண்டிருக்கும். பத்து வருடத்தில் ஒரு போல்ட் தொலைந்ததில்லை. ஒரே ஒரு வாஷர் தொலைந்தது. மனைவி கன்னியம்மா குப்பையோடு வாரிவிட்டாள் என்று நினைத்து சீட் பெல்ட்டின் இரும்புக் கொக்கியால் அவளை அடித்தான். புருவத்துக்கு மேல் நான்கு தையல். வாஷர் சீட்டின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவள் ஷெட்டுக்குள் துடைப்பம் எடுத்து வருவதில்லை.

இப்போது அவள் வாசலில் நின்று கத்தினாள். “உடுங்க. அந்தக் கையிலதான் எங்க சோறு.”

கோபிநாத் தருமனுடைய வலது கையை வேன் கதவின் படியில் வைத்து மணிக்கட்டை முழங்காலால் அழுத்தினான். ஸ்பானர் இறங்கியது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் தட்டையாயின. தருமன் தன் குரலை மிருகத்தின் குரலாகக் கேட்டான். ஸ்பானர் மறுபடி உயர்ந்தது.

“இன்னொன்னையும் உடைங்க,” என்றான் தருமன். “அதுக்கு முன்ன சீட்டை ஒரு தபா திருப்பிப் பாருங்கணா. நான் போட்ட போல்ட்டு எனக்குத் தெரியும்.”

“இவன் பேச்ச கேட்டுகினு,” என்றான் சுதாகர், வண்டிக்குள்ளிருந்து.

கோபிநாத் வேனுக்குள் கிடந்த சீட்டை ஒரு கையால் பற்றி இழுத்து மண்ணில் கவிழ்த்தான். ரத்தம் காய்ந்த பக்கம் கீழே போனது. முன்கால் போல்ட் இரண்டும் வளைந்து பாதியில் முறிந்திருந்தன. பின்கால் போல்ட் இரண்டும் முழுசாகக் கால்களில் தொங்கின. அவை முன்கால் போல்ட்டுகளைவிட மெலிந்தவை. மரையைச் சுற்றி மயில் கழுத்து நிறத்தில் நூல் இறுகியிருந்தது.

கோபிநாத் குனிந்து நூலை நகத்தால் கீறினான். பட்டு. சுதாகர் வீட்டைப் போலவே அவன் வீட்டிலும் இரண்டு தறி ஓடுகிறது. தறிக்கட்டையில் துளை தளர்ந்தால் போல்ட்டின்மேல் கழிவுப் பட்டைச் சுற்றி, எச்சில் தொட்டு முறுக்கி ஏற்றுவான். மரம் கவ்விக்கொள்ளும். அவர்கள் தெருவில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். இரும்புத் துளையில் கவ்வுவதற்கு ஒன்றுமில்லை.

“மாப்ள, சீட்ட கழட்டுனியா?”

“தறிக்குப் பாவு நூலு வண்டில ஏத்தறதுக்கு ஒரே ஒரு தபா, மச்சான். ரெண்டு போல்ட்டு எங்கியோ பூடுச்சி. தறி போல்ட்டப் போட்டேன். டைட்டாதான் இருந்துச்சி. ஆட்டிக்கூட பாத்தேன்.”

“நேத்துலேர்ந்து ஏன் சொல்லல?”

“மொதல்ல மாட்டுனது அவன்தானே.”

கோபிநாத் சுதாகரைத் தலைமுடியைப் பிடித்து ஜன்னல் வழியாகவே இழுத்தான். பாதி உடம்பு வந்தது. வாயில் குத்தினான். “அவளுக்கு அஞ்சு பல்லு,” என்று சொல்லிக்கொண்டே குத்தினான். எண்ணவில்லை. சுதாகர் கதவைத் திறந்துகொண்டு சரிந்து விழுந்தான். விழுந்தவனைக் கோபிநாத் விலாவில் உதைத்தான். சாலையில் போன டெம்போ ஒன்று நின்று, பார்த்து, போனது. மூச்சு வாங்கியபோது கோபிநாத் படியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

ஸ்பானர் மண்ணில் கிடந்தது. தருமன் அதை இடது கையால் எடுத்தான்.

“ஏங்க, வேணாம்,” என்றாள் கன்னியம்மா. “உங்க மேல தப்பில்லன்னு ஆயிடுச்சில்ல. கேசு குடுக்கலாம். அத கீழ போடுங்க.”

சுதாகர் நிமிர்ந்து பார்த்தான். “அண்ணா,” என்றான். அதுவரை தருமனை அப்படிக் கூப்பிட்டதில்லை.

தருமன் அவனுடைய காலைப் பார்த்து ஒரே அடி அடித்தான். முழங்காலுக்குக் கீழே. எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

மறுநாள் ஆரணி அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். நடுவிரல் கூடிவிடும், ஆட்காட்டி விரல் மடங்காது என்று டாக்டர் சொன்னார். எப்படி அடிபட்டது என்று நர்ஸ் கேட்டபோது, ஜாக்கி நழுவி வண்டி இறங்கியதாகக் கன்னியம்மா சொன்னாள். சுதாகர் வேலூரில் பரிமளா இருந்த ஆஸ்பத்திரியிலேயே வேறு மாடியில் படுத்திருந்தான். அவனும் படிக்கட்டில் விழுந்ததாகச் சொல்லியிருந்தான். பதினோரு மணிக்குக் கோபிநாத் வீட்டு ஆள் ஒருவர் வந்து, இரண்டு பக்கமும் அடிபட்டிருப்பதால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம் என்றார். தருமன் தலையாட்டினான். ஷெட்டில் தன் காரை உறைக்கு விட்டிருந்த வந்தவாசிக்காரர் மத்தியானம் வந்தார். பாதி தைத்த சீட்டுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, காரை சீட் இல்லாமல் டிரைவர் இருக்கையோடு மட்டும் ஓட்டிப் போனார்.